சீராகக் கலந்த கழிவு என்ற அனுமானம்

கதிரியக்கக் கழிவு நிரம்பிய ஒரு பீப்பாயில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்ற கணக்கை விளக்கியபோது மேலாளர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விடவில்லை: “கழிவு சீராகப் பரவியிருக்கிறது என்று அளவீடு சொல்கிறதா, நீங்கள் சொல்கிறீர்களா?” இரண்டும் சேர்ந்துதான் சொல்கின்றன என்றேன். அது பொய்யில்லை, ஆனாலும் அவர் கேட்டதற்கு அது பதிலாகுமா என்பதில் எனக்குத் தெளிவில்லை.

கான்கிரீட்டோடு சேர்த்து இறுகிய சீசியம்-137 கழிவு, 200 லிட்டர் பீப்பாய். அதைச் சுழற்றி, ஒவ்வோர் உயரத்திலும் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சத்தை, அதாவது சீசியத்திலிருந்து சிதறாமல் முழு ஆற்றலோடு வெளிவரும் காமா கதிர்களை, எண்ணியிருந்தோம். கழிவு ஓரமாகத் திரண்டிருந்தால் சுழலும்போது எண்ணிக்கை ஏறி இறங்கும்; இங்கே அப்படி நேரவில்லை. சீராகப் பரவிய கழிவும், நடு அச்சை ஒட்டித் திரண்ட கழிவும் இந்தச் சோதனையில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் நடுவிலிருந்து கிளம்பும் காமா கதிர்களில் நூற்றில் ஒன்றுகூடச் சிதறாமல் வெளியே வராது என்பதால், இரண்டாவது விடைக்குப் பன்மடங்கு கதிரியக்கம் தேவைப்படும்.

அளவீட்டுக்குப் பல விடைகள் பொருந்தும்போது ஏற்ற இறக்கம் குறைந்ததைத் தேர்ந்தெடுக்கும் டிகோனோவ் என்ற கணித முறையில் சீரான விடைக்குச் சலுகை கொடுத்தேன். காரணம் இருந்தது: ஊற்றுவதற்கு முன் கழிவை நன்றாகக் கலக்கியதாகப் பதிவேடு சொன்னது. மேலாளர் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். அந்தப் பதிவேட்டைச் சரிபார்ப்பதற்காகத்தானே அளந்தோம்?

உச்சத்தைவிடக் குறைந்த ஆற்றலில், சிதறிய கதிர்கள் பதிவாகும் பகுதி ஆழத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று வாதாடினேன். இன்றும் அதை நம்புகிறேன். தடித்த கான்கிரீட்டைக் கடந்து வரும் கதிர்களில் பல வழியிலேயே ஆற்றலை இழப்பதால், உச்சத்தோடு ஒப்பிட அந்தப் பகுதி உயரும். எங்கள் நிறமாலை (ஆற்றல்வாரியாக எண்ணிய கதிர்களின் பதிவு) சீரான பரவலுக்கே சற்று நெருக்கமாக இருந்தது. ஆனால் பீப்பாயின் கணினி மாதிரியில் நடுப்பகுதியின் அடர்த்தியைக் கொஞ்சம் மாற்றியதும் அந்த நெருக்கம் மறைந்துவிட்டது. பீப்பாயை எடை போட்டால் சராசரி அடர்த்திதான் கிடைக்கும். உள்ளே எங்கும் அதே அடர்த்தி என்பதும் பதிவேட்டின் கூற்றுத்தான்.

படிவத்தில் கதிரியக்கத்துக்கு ஒரே ஒரு கட்டம். சீரான விடையே உண்மைக்கு நெருக்கம் என்று நினைத்துக்கொண்டே, இரண்டில் பெரிய எண்ணை எழுதினேன். பாதுகாப்பின் பக்கம் நிற்பதே முறை என்று அன்று சொன்னேன், இப்போதும் வேறு எண்ணை எழுதுவேன் என்று தோன்றவில்லை. ஆயினும் மிகை மதிப்புக்கும் விலை உண்டு: பீப்பாய் உயர்ந்த பிரிவுக்குப் போகலாம், தேவையற்ற கவசம் கேட்கலாம், அதைப் பொருத்துபவர்கள் அருகிலேயே அதிக நேரம் நிற்க நேரலாம். அடுத்துக் கணக்கிடுபவரும் அதை அளந்த எண்ணாகவே எடுத்துக்கொள்வார். அதில் அளவீடு எவ்வளவு, என் எச்சரிக்கை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்தக் கட்டத்தில் வழியில்லை. இரண்டு விடைகளையும் அவற்றின் அனுமானங்களோடு இணைப்பில் எழுதிவைத்தேன். அந்த இணைப்பு பீப்பாயோடு கூடவே போகுமா என்பது என் கையில் இல்லை.