காயில் மேல் போட்ட பழி

எங்களிடம் இருப்பது படகின் பின்னால் மாட்டும் 8 குதிரைத் திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின். வாங்கும்போதே பழசு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகை சரிந்து மூன்று நாள் சேற்றில் கிடந்து, அதற்கப்புறமும் ஓடிய எஞ்சின். அதனால் அதன் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. போன மாசியில் அதுவே கழுத்தை அறுத்தது.

முத்துப்பேட்டை பக்கம் ஜாம்புவானோடையில் கயிற்றை இழுத்தால் இரண்டாவது இழுப்பிலேயே பிடித்துக்கொள்ளும். கோரையாற்றில் மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் இல்லை. உப்பங்கழியான லகூனை நெருங்கி வேகம் கூட்டினால் ஒரு நிமிடம் சீறும், அப்புறம் திணறும், அணைந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால் மறுபடி கிளம்பும். இரண்டு தடவை கழி ஊன்றித்தான் கரைக்கு வந்தேன்.

மெக்கானிக் ஒருவர் கேட்டதுமே, “சூடானா நிக்குதுல்ல, காயில்தான்” என்றார். பிளக்குக்கு மின்பொறி தரும் காயில் சூட்டில் கைவிடுவது நடப்பதுதான், தப்பான யோசனை இல்லை. மாற்றினோம். 4,000 ரூபாய் போனது, கோளாறு அப்படியே இருந்தது.

சரி, கார்புரேட்டர் என்று நானே கழற்றினேன். கிண்ணத்தின் அடியில் மாவு மாதிரி வெள்ளைப் படிவு. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளையில் கம்பி விடக்கூடாது, பித்தளை தேய்ந்து துளை பெரிதாகிவிடும். தங்கூசி நரம்பை ஒரு சாண் வெட்டி நுழைத்து எடுத்தேன். பிளக்கை மாற்றினேன். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் என்று புதிதாகக் கலந்தேன். வெட்டிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் ஓட்டினேன். தேன் மாதிரி ஓடியது. மறுநாள் லகூனில் அதே இடம், அதே திணறல். டிரம்மில் படகைத் தள்ளுகிற பாரம் ஏது? அந்தச் சோதனையை நம்பியது என் மடத்தனம்.

அன்றைக்கு என்னோடு பெரியப்பா வந்திருந்தார். அணைந்ததும் பிளக்கைக் கழற்றச் சொன்னார். காய்ந்து கிடந்தது. “நெருப்பு இருக்குடா, அதுக்குத் தீனிதான் போகல” என்றார். பெட்ரோல் டியூப் நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் பல்பைப் பார்த்தோம். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் பல்பு சப்பிப்போயிருக்கும். சப்பவில்லை, துளையும் திறந்தே இருந்தது. மறுபடி கிளப்பி, திணறத் தொடங்கியதும் அவர் பல்பை விடாமல் அமுக்கினார். எஞ்சின் அணையவில்லை! அமுக்குவதை நிறுத்தினால் இறங்கும், அமுக்கினால் ஏறும். பம்பு செய்ய வேண்டிய வேலையைப் பெரியப்பாவின் கை செய்துகொண்டிருந்தது. அப்படியே அமுக்கிக்கொண்டே கரை சேர்ந்தோம்.

பெட்ரோல் பம்பு நாலு திருகாணிச் சமாச்சாரம். உள்ளே டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு. பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் அறையில் ஏறி இறங்கும் அழுத்தம் அதை ஆட்ட, அந்த ஆட்டத்தில்தான் பெட்ரோல் வருகிறது. எங்களுடையது பழைய எக்ஸ்ரே படம் போல விறைத்து, ஓரத்தில் சுருங்கியிருந்தது. மெதுவாக ஓட அது இழுப்பது போதும், வேகத்துக்குப் போதாது. நின்று கிடக்கும் இடைவெளியில் என்ன கசிந்து சேருமோ, அதை வைத்து மறுபடி கிளம்பியிருக்கிறது. இப்போதைய எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது என்பார்கள். டியூபையும் சேர்த்தே மாற்றினேன். இரண்டும் சேர்ந்து காயில் விலையில் கால்வாசிகூட வரவில்லை.

இப்போது லகூனில் முழு வேகத்தில் போகிறது. பக்கத்தில் பீய்ச்சும் குளிர்விக்கும் தண்ணீர் மட்டும் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. முத்துப்பேட்டைச் சேறு அந்தத் தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரைச் சும்மா விடாது. அடுத்த வாரம் அடிப்பாகத்தைக் கழற்ற வேண்டும்.