தமிழ்99 திரை விசைப்பலகையை ஒற்றை ஸ்டைலஸுக்கு ஏற்ப மாற்றியமைத்தல்

தொடுதிரை மடிக்கணினி ஒன்றின் விசைப்பலகையைப் பின்புறமாக மடித்துவிட்டு, திரையைத் தொட்டு எழுதும் பேனாவான ஸ்டைலஸை மட்டும் வைத்துக்கொண்டு தமிழில் வசதியாக எழுத முடியுமா என்று பார்ப்பதற்காகத் தொடங்கிய வேலை இது. கணினியில் சுபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் இயங்குகிறது. திரை விசைப்பலகையாக ஆன்போர்டு என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவியிருக்கிறேன். அது லினக்ஸின் பழைய திரைக்காட்சி அமைப்பான எக்ஸ்11 சூழலுக்காக எழுதப்பட்டது என்பதால், புதிய அமைப்பான வேலாண்டில் இதே செய்முறை ஒத்துழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

லினக்ஸில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்ய இரண்டு வழிகள் உண்டு. விசைகளுக்கு எழுத்துகளை ஒதுக்கும் எக்ஸ்கேபி என்ற பகுதி தரும் தமிழ்நெட் '99 அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் ஆன்போர்டின் விசைகளில் தமிழ் எழுத்துகள் தாமாகவே வந்துவிடும்; ஆனால் எக்ஸ்கேபி ஒவ்வொரு விசையையும் தனித்தனியாகவே பார்க்கும், முந்தைய எழுத்து எது என்பது அதற்குத் தெரியாது. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி வைப்பதும், மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தால் மெல்லினத்துக்குப் புள்ளி வைப்பதும்தான் தமிழ்99-இன் உயிர்நாடி என்பதால், அவை இல்லாத தமிழ்99-ஐ நான் தமிழ்99 என்றே கருதுவதில்லை. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாக, எம்17என் என்ற பன்மொழி உள்ளீட்டு முறைத் தொகுப்பிலுள்ள தமிழ்99-ஐப் பயன்படுத்தினால் இந்த விதிகள் அனைத்தும் கிடைக்கின்றன. அதில் ஒரு குறை மட்டும் உண்டு: ஆன்போர்டு விசைகளின் மேல் காட்டும் எழுத்துகளை எக்ஸ்கேபியிடமிருந்தே பெறுகிறது, ஐபஸ் உள்ளே தமிழாக்கிக் கொண்டிருக்கும்போதும் திரையில் ஆங்கில எழுத்துகளே நிற்கும். ஆகவே எழுத்துகளை நாமே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. எப்படியும் கோப்பைத் திறக்கத்தான் வேண்டும் என்றான பிறகு, விசைகளின் இடத்தையும் மாற்றிவிடலாமே என்று தோன்றியது.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 அமைப்பில், உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளன. இரு கைகளும் மாறி மாறி இயங்கும்போது அது மிகச் சிறந்த ஏற்பாடு. ஒரே ஒரு ஸ்டைலஸ் முனையோ, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் பலகையின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குப் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. திரையில் இருப்பது வெறும் படம். அந்தப் படம் மேசைமேல் இருக்கும் பலகையைப் போலவே இருக்கவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆன்போர்டின் அமைப்புப் பக்கத்தில் காம்பேக்ட் என்ற தளவமைப்பை வேறு பெயரில் நகலெடுத்ததும், பயனரின் கோப்புறையில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பும் சில எஸ்விஜி படங்களும் உருவாயின. முதலாவதில் எந்தெந்த விசைகள் இருக்கின்றன என்ற விவரமும், படங்களில் அவை எங்கே எவ்வளவு அகலத்தில் இருக்க வேண்டும் என்ற விவரமும் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது விசையின் அடையாளப் பெயர்: ஆங்கில எழுத்து வரிசைகளில் மேல் வரிசை ஏடி01 என்றும், நடு வரிசை ஏசி01 என்றும், கீழ் வரிசை ஏபி01 என்றும் தொடங்கும். அந்தப் படங்களைத் திருத்த உதவும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் ஒரு கட்டத்தை நகலெடுத்தால் அது நகலுக்குப் புதுப் பெயரைச் சூட்டிவிடும்; பெயர் பொருந்தாத விசையை ஆன்போர்டு வரையாமலே விட்டுவிடும். எனவே, நகலெடுப்பதைவிட இருக்கும் கட்டங்களையே இழுத்து நகர்த்துவது நல்லது. எழுத்தைக் காட்டுவதற்கு எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தந்த விசையின் வரியில் லேபல் என்ற பண்பைச் சேர்த்தால் போதும்.

தமிழ்99 31 விசைகளைப் பயன்படுத்துகிறது: உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மெய்க்குப் பின் அழுத்தினால் ஆய்த விசையே புள்ளியாகிவிடும். 18 மெய்களை வரிசைக்கு 6 ஆக மூன்று வரிசைகளில் அமைத்தபோது, வல்லினம், மெல்லினம், இடையினம் என்ற பழைய பகுப்பே அப்படியே வந்து உட்கார்ந்தது. அதன் பயன் அழகோடு நிற்கவில்லை. கவுக்குக் கீழே ங, சவுக்குக் கீழே ஞ, டவுக்குக் கீழே ண, தவுக்குக் கீழே ந, பவுக்குக் கீழே ம, றவுக்குக் கீழே ன என்று இனவெழுத்துகள் ஒட்டி நிற்பதாலும், அவற்றுக்கு இடையிலான புள்ளியை விதியே வைத்துவிடுவதாலும், 'பந்து' என்று எழுத ப, ந, த, உ என்ற நான்கு தொடுதல்கள் போதும். அவற்றுள் முதல் மூன்றும் அடுத்தடுத்த கட்டங்களிலேயே அமைகின்றன.

உயிர்களை முதலில் பள்ளி அட்டவணை போல மேலே இரு வரிசைகளாக வைத்திருந்தேன். இடையின வரிசையிலிருந்து அங்கே போவது நீண்ட தூரமாக இருந்ததால், ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ ஆகியவற்றை மேலேயே விட்டுவிட்டு, அ, இ, உ, எ, ஔ, ஒ ஆகியவற்றை மெய்களுக்குக் கீழே இறக்கினேன். ஒவ்வொரு குறிலும் தன் நெடிலின் நேர்கோட்டில் இருப்பதால் தேட வேண்டியதில்லை. எஞ்சிய ஆய்த விசையை வலப்பக்கத்தில், மூன்று மெய் வரிசைகளின் உயரத்துக்கும் நீட்டி நிறுத்தியிருக்கிறேன். புள்ளி அடிக்கடி தேவைப்படுகிறது. எந்த வரிசையில் இருந்தாலும் நேராக வலப்பக்கம் நகர்ந்தால் அது கிடைக்கும்.

எழுத்துருவில்தான் எதிர்பாராத தொல்லை வந்தது. ஒரே குழுவில் சேர்க்கப்பட்ட விசைகள் அனைத்துக்கும் ஆன்போர்டு ஒரே எழுத்தளவைத் தருகிறது. அந்த அளவைத் தீர்மானிப்பது குழுவிலேயே அகலமான எழுத்து. ஔ ஒன்று கட்டத்துக்குள் அடங்குவதற்காக ர, ட எல்லாம் குறுகிப்போயின. அந்த ஒரு விசையைத் தனிக் குழுவுக்கு மாற்றியதும் மற்றவை கண்ணுக்கு எட்டும் அளவுக்கு வளர்ந்தன. நிறக் கோப்பில் உயிர்களுக்கு ஒரு நிறமும் மெய்களுக்கு வேறொரு நிறமும் கொடுத்தேன். அதில் சொல்ல அதிகமில்லை. சொல் பரிந்துரைப் பட்டை திரையின் உயரத்தைத் தின்றதால் அதை நிறுத்திவிட்டேன்.

கிரந்த எழுத்துகள் ஷிப்ட் நிலையில் பழைய விசைகளிலேயே தொடர்கின்றன. ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ ஐந்தும் நெடில் வரிசையிலேயே அமைந்துவிட்டன; ஸ்ரீ மட்டும் ளவோடு சேர்ந்து இடையின வரிசையின் மூலைக்குப் போய்விட்டது. ஷிப்டை ஒருமுறை தொட்டால் அடுத்த எழுத்துக்கு மட்டும் அது நிற்கும் என்பதால் ஒற்றை முனையால் எழுதுவதில் இடர் இல்லை.

இப்போது கடிதம் எழுதும் அளவுக்கு இது பயன்படுகிறது. மேசைக்குத் திரும்பி உண்மையான விசைப்பலகையில் கை வைக்கும்போது எந்தக் குழப்பமும் நேர்வதில்லை. விரல்களின் பழக்கமும் கண்ணின் பழக்கமும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தெரியவில்லை. இன்னும் முடிவு செய்யாதது ங விசையைப் பற்றித்தான். கவுக்கு முன்னால் வருவதைத் தவிர அதற்கு ஏறக்குறைய வேலையே இல்லை என்பதால் அதைப் பாதியாகச் சுருக்கி, அந்த இடத்தில் காற்புள்ளியை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அப்படிச் செய்தால் மெல்லின வரிசையின் ஒழுங்கு குலையும். செய்யாவிட்டால் காற்புள்ளிக்கு இடைவெளி விசை இருக்கும் வரிசைவரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.