மூன்று வார மௌனமும் கே.பி.எஸ்ஸும்

செப்டம்பர் 14, 2024, சனி

டாக்டர் மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் இரண்டு பக்கமும் சின்னதாகக் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்க்குமே, அது மாதிரிதானாம். மூன்று வாரம் பாடக் கூடாது. அதில் முதல் பத்து நாள் பேசவே கூடாது, குசுகுசுவென்றுகூட. பதினாறு வருஷம் பாட்டு வகுப்பு எடுத்துச் சம்பாதித்தது இந்தக் காய்ப்பு.

பிள்ளைகளின் அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் தகவல் சொல்லியாகிவிட்டது. அக்டோபரில், நாடகத்திலும் சினிமாவிலும் பாடி நடித்த கே.பி. சுந்தராம்பாள் (கே.பி.எஸ்.) பிறந்தநாள் வருகிறது. வருஷா வருஷம் அந்தச் சமயத்தில் அவர் பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுப்பேன். இந்த வருஷம் சொல்லிக்கொடுக்கத் தொண்டை இல்லை. சரி, உட்கார்ந்து கேட்போம்.

செப்டம்பர் 17, செவ்வாய்

பழைய இசைத்தட்டுப் பாட்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆரம்பிக்கும்போதே உச்சியில் நிற்கிறார். நாமெல்லாம் படியேறிப் போய்த் தொடுகிற இடம் அவருக்கு வாசல் திண்ணை.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்றும் தோன்றுகிறது. அவர் பாட வந்த காலத்தில் மைக் கிடையாது. ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிற கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் சொல் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் விசில். விடிய விடிய நாடகம். கட்டை (சுருதி) இறங்கினால் பிழைப்பு இல்லை. பத்து வயதை ஒட்டி அவர் மேடை ஏறியதே நல்லதங்காள் நாடகத்தில் பசிக்கு அழுகிற பிள்ளையாகத்தான். அதற்கு முன்னால் ரயிலில் பாடிக் காசு வாங்கியதாகச் சொல்வார்கள். பசியைத் தனியாக நடித்துக் காட்ட வேண்டியிருந்திருக்காது.

இன்னொன்று. அந்த இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. மேடையில் விருத்தம், பாட்டு, கூட்டம் கேட்கிற ஒன்ஸ்மோர் எல்லாம் சேர்த்து நீட்டிப் பாடியதைத்தான் அதற்குள் மடித்து வைத்திருக்கிறார். சில தட்டுகளின் கடைசியில் வேகமாக முடிக்கிற மாதிரி இருப்பது அதனாலோ என்னவோ. நமக்குக் கிடைத்திருப்பது மடித்து வைத்த புடவை. விரித்துப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஊருக்கு வந்திருக்கிறேன். அமுச்சிக்கு, அதாவது என் அம்மாவின் அம்மாவுக்கு, எண்பத்துநாலு வயசு. நான் சிலேட்டில் எழுதிக் காட்டினால் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதும் தெரியாது. ஆக அமுச்சி பேச, நான் தலையாட்ட. இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நன்றாகப் பேசிக்கொண்டதே இல்லை.

செல்போனில் ஒரு பாட்டை வைத்தேன். நாலு வார்த்தை போவதற்குள், "அட, அவ்வையாருங் கண்ணு" என்றாள். பதிமூணு பதினாலு வயசில் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேலே உட்கார்ந்து பார்த்தாளாம். வாசன் எடுத்த 'ஔவையார்', 1953. "அந்தப் பாட்டி நெசமாலுமே அவ்வையாருன்னுதான் நெனச்சுட்டிருந்தேன். படம் புடிக்கறவங்க எங்கியோ தேடிக் கண்டுபுடிச்சுக் கூட்டியாந்துட்டாங்கன்னு."

அந்தப் 'பாட்டி'க்கு அப்போது நாற்பத்தைந்து வயசு. இப்போது எனக்கு ஆகிற வயசு. சிலேட்டில் எழுதினேன். கண்ணாடி கிடைக்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

கொடுமுடி போய்வந்தேன். ஈரோடு – கரூர் ரயில் பாதையில் இருக்கிற ஊர். தெற்கே பார்த்து வருகிற காவிரி இங்கே கிழக்கே திரும்புகிறது. மகுடேசுவரர் கோயிலில் வன்னிமரத்தைச் சுற்றி வந்தேன். பரிகாரத்துக்கு வந்த கூட்டம் நிறைய. பூக்கார அம்மா என்ன கேட்டும் நான் வாயைத் திறக்காததால் மௌன விரதம் என்று நினைத்து ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தார். மறுத்துச் சொல்லவும் வழியில்லை.

படித்துறையில் உட்கார்ந்து ஊர்ப் பெயரை யோசித்துக்கொண்டிருந்தேன். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். ஊர் பெயரும் அம்மா பெயரும்தான் இனிஷியல். அப்பா பெயர் அதில் இல்லை, பின்னால் புருஷன் பெயரும் ஏறவில்லை. 1908இல் பிறந்த பெண்ணுக்கு!

காந்தி இந்த ஊரில் அவர் வீட்டுக்கு வந்து சாப்பிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். தங்கத் தட்டில் பரிமாறினாராம். சாப்பாடு மட்டும்தானா, தட்டு கிடையாதா என்று அவர் கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டாராம். அது ஏலத்துக்குப் போனது. காங்கிரஸுக்கு அவரை இழுத்து வந்தவர் சத்தியமூர்த்தி. 1951இல் மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கப்புறம் அந்த வாசலில் எவ்வளவு நெரிசல்!

செப்டம்பர் 25, புதன்

பேசலாம், கொஞ்சமாக. முதல் வார்த்தை "காப்பி". தகரத்தைக் கீறுகிற மாதிரி வந்தது.

செப்டம்பர் 29, ஞாயிறு

கே.பி.எஸ்ஸின் புருஷன் கிட்டப்பாவைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். ஏனென்றால் யார் ஆரம்பித்தாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், பல பேர் அங்கேயே முடித்தும்விடுகிறார்கள்.

கதை இதுதான். 1926 வாக்கில் கொழும்பில் இவர் நடித்துக்கொண்டிருக்கும்போது செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா வந்து சேர்கிறார். அவரோடு ஜோடி கட்டினால் பாட்டில் அமுக்கிவிடுவார் என்று இவரைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இவர் பயப்படவில்லை. வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் தர்க்கம் பண்ணுகிற இடம்தான் அந்த நாடகத்தின் உயிர். ஸ்பெஷல் நாடகத்தில் அதற்கு ஒத்திகை கிடையாது, அங்கங்கே இருந்து வந்த நடிகர்கள் மேடையில்தான் மோதிப் பார்ப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்க வேண்டும், அதுவும் ஒரு சங்கதி, ஒரு புது வளைவு, கூடுதலாக. இரண்டு பேரும் அப்படி மோதிக் கல்யாணத்தில் முடிந்தது. அவருக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். சேர்ந்திருந்த நாளைவிடப் பிரிந்திருந்த நாள் அதிகம். இவர் அவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. படித்தால் கிட்டப்பா மேல் கோபம்தான் வருகிறது, எனக்கு. 1933 டிசம்பரில் அவர் போய்விட்டார், முப்பது வயசுகூட ஆகவில்லை. இவருக்கு இருபத்தைந்து. வெள்ளைப் புடவை, திருநீறு, நகை கிடையாது, பால்கூடக் குடிப்பதில்லை. எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு.

இதைச் சொல்லும்போது எல்லாருக்கும் குரல் தழுதழுக்கிறது. துக்கம் உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1933க்கும் சுந்தராம்பாள் இறந்த 1980க்கும் நடுவே நாற்பத்தேழு வருஷம் இருக்கிறதே, அதை யார் எழுதுவது?

நான் எழுதிப் பார்க்கிறேன். அசன்தாஸ் என்கிற தயாரிப்பாளர் நந்தனார் படத்துக்குக் கேட்டு வருகிறார். இவர் ஒரு லட்சம் ரூபாய் கேட்கிறார். ஆளை விரட்டத்தான் அப்படிக் கேட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் சரி என்றுவிட்டார். 1935இல் 'பக்த நந்தனார்' வந்தது. நந்தனாராக நடித்தது இவர், எதிரே வேதியராக மகாராஜபுரம் விசுவநாதய்யர். ஜோடி வேண்டாம் என்பவர் ஆண் வேஷமே போட்டுக்கொண்டார்! படம் சோபிக்கவில்லை. கல்கி விமர்சனத்தில் பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்திருப்பதாகக் கிண்டல் பண்ணினார். போகட்டும். அதுவரை தமிழ் சினிமாவில் யாரும் வாங்காத சம்பளம் அது.

அப்புறம் 1940இல் மணிமேகலை, துறவி. 1953இல் ஔவை. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள், அதுவும் துறவி. அடுத்த வருஷம் 'திருவிளையாடல்' படத்தில் மறுபடி ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றிலாவது ஜோடிக்கு இடம் இருக்கிறதா? சினிமாவில் ஒரு பெண்ணுக்கு இருந்த முக்கால்வாசிக் கதவை அவரே சாத்தினார். மீதி இருந்த கால்வாசியில் வேறு யாரும் நுழைய முடியாதபடி நின்றார். தியாகம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அது தன் நிபந்தனையில் தொழில் பண்ணிய ஒருத்தியின் கணக்காகத் தெரிகிறது.

'பூம்புகார்' கலைஞர் எழுதிய படம். பாட்டில் தெய்வம் எங்கே போனது என்று கேட்கிற ஒரு வரி வந்ததாம், இவர் அதைப் பாட மாட்டேன் என்றாராம். வரி மாறியது என்பார்கள். எழுதியவர் நாத்திகர், பாடுகிறவர் முருக பக்தை, கட்சியும் வேறு. இருந்தும் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்து முடித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 1, செவ்வாய்

'துணைவன்' பாட்டுகள், 1969. இதற்குத்தான் பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அறுபதை ஒட்டிய குரல். ஓரத்தில் கரகரப்பு ஏறியிருக்கிறது, மேலே போகும்போது லேசாக உரசுகிறது. ஆனால் சொல் ஒன்றுகூடக் கலையவில்லை. 'ழ' அப்படியே 'ழ'. ஒரே வரியை எட்டுத் தடவை திரும்ப ஓட்டிக் கேட்டேன். மூச்சை எங்கே எடுக்கிறார் என்று பிடிக்கப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது. சொல்லின் நடுவில் எங்கேயும் எடுக்கவில்லை, அர்த்தம் முடிகிற இடத்தில் மட்டும். தாளத்துக்கு வசதியான இடம் வேறு இருந்தும் அங்கே எடுக்கவில்லை. நாடக மேடையில் கடைசி வரிசைக்காரனுக்காகப் பாடிய பழக்கம்.

நான் பதினாறு வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தாளத்தைப் பார்த்து மூச்சு எடுக்கத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 5, சனி

மறுபடி கேமரா. காய்ப்பு பாதி குறைந்திருக்கிறது. பாடலாம், கீழ் ஸ்தாயியில், பத்து நிமிஷம். கத்த வேண்டாம் என்றார் டாக்டர். கே.பி.எஸ். பாட்டு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அமுச்சிக்குப் போன் பண்ணி இரண்டு கட்டை இறக்கி நாலு வரி பாடிக் காட்டினேன். மூச்சு மட்டும் கே.பி.எஸ். எடுத்த இடத்தில். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்குதுங் கண்ணு. கெணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குது. மேல வந்து பாடு."