மறுமுனைக்கு ஒரு பெயர்

ஒவ்வோர் இரவும் வெளி நிறுவனங்களுக்குக் கட்டணக் கோப்புகளை எஸ்எஃப்டிபி (கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) வழியாக அனுப்பும் ஸ்கிரிப்ட்டுகள், அதாவது தானாக ஓடும் சிறு நிரல்கள், என் பொறுப்புக்கு வந்தபோது, மறுமுனை சர்வரின் ஐபி முகவரி, போர்ட் எண், பயனர் பெயர், எங்களை அடையாளம் காட்டும் ரகசியச் சாவியான பிரைவேட் கீ இருக்கும் இடம் எல்லாம் ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டின் உள்ளேயே எழுதப்பட்டிருந்தன. வேலை தடையின்றி நடந்ததால் நானும் அதைத் தொடவில்லை.

ஒரு நிறுவனம் தன் சர்வரை வேறு டேட்டா சென்டருக்கு மாற்றியபோது பத்து ஸ்கிரிப்ட்டுகளில் முகவரியைத் திருத்தினோம். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் பதினோராவது ஸ்கிரிப்ட் வேறு டைரக்டரியில் இருந்ததால் கண்ணில் படவில்லை. பழைய சர்வரை அவர்கள் அப்போது நிறுத்தியிருக்கவில்லை. ஆகவே கோப்பு அங்கேயே போய்ச் சேர்ந்தது, லாகில் பிழை இல்லை, எக்ஸிட் கோடும் 0, அதாவது வேலை வெற்றி. மூன்று நாள் கழித்து, "சார், மாதக் கோப்பு இன்னும் வரலையே" என்று தொலைபேசி வந்தபிறகே எங்களுக்குத் தெரிந்தது. பரிமாற்றம் தோற்றிருந்தால் அன்றிரவே அலாரம் வந்திருக்கும் என்பதுதான் என்னை நெடுநாள் உறுத்தியது.

அதன்பின், இந்த இணைப்பை ஏற்படுத்தும் மென்பொருளான ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் கான்ஃபிக் கோப்பில் ஒவ்வொரு மறுமுனைக்கும் அந்த விவரங்களுடன் ஒரு 'ஹோஸ்ட்' பகுதி எழுதி, சோதனைக்கும் புரொடக்‌ஷனுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தோம். ஸ்கிரிப்ட்டுகளில் இப்போது அந்தப் பெயர் மட்டுமே இருக்கிறது.

இதைவிடக் கவலை தந்தது ஹோஸ்ட் கீ, அதாவது மறுமுனை சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சாவி. ஆள் இல்லாமல் பேட்ச் முறையில் ஓடும் ஸ்கிரிப்ட், 'இந்த சர்வரை நம்பலாமா' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றுவிடும் என்பதற்காக, யாரோ அந்தச் சரிபார்ப்பையே அணைத்து வைத்திருந்தார்கள். பணம் தொடர்பான கோப்பை முகம் தெரியாத சர்வரிடம் கொடுப்பதற்கு அது சமம் என்றே நான் கருதுகிறேன். சரிபார்ப்பை மீண்டும் இயக்கி, மறுமுனையின் ஹோஸ்ட் கீக்கான சுருக்க அடையாளமாகிய எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை அவர்களுடைய நிர்வாகி தொலைபேசியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று பிரித்துச் சொல்லச் சொல்ல, 43 எழுத்துகளையும் திரையில் ஒப்பிட்டேன். போர்ட் எண் வழக்கமான 22 அல்லாதபோது, நம்பும் சர்வர்களின் ஹோஸ்ட் கீகளைக் குறித்து வைக்கும் நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பில் முகவரியைச் சதுர அடைப்புக்குள் இட்டு, முக்காற்புள்ளிக்குப் பின் போர்ட் எண்ணையும் எழுத வேண்டும் என்பதை அறியாமல் ஒரு பிற்பகலே போனது.

அதே நிறுவனம் அடுத்த முறை இடம் மாறியபோது முகவரியில் ஒரே ஒரு வரியைத்தான் திருத்தினோம். 43 எழுத்துகளை மட்டும் மறுபடியும் தொலைபேசியில் கேட்டோம்.