ஒரு பெண்கள் பள்ளியின் தரத்தை எந்தப் பதிவேட்டில் தேடுவது

தனியார் பெண்கள் பள்ளியொன்றை மதிப்பிடப் போகும் குழு முதலில் கேட்டு வாங்க வேண்டியது டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கிழித்துக் கொடுத்தபின் எஞ்சும் அடிக்கட்டைப் புத்தகத்தை. நிர்வாகம் மேசைமேல் அடுக்கி வைத்திருக்கும் கோப்புகள் பிறகு வரட்டும். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம் எல்லாம் வேண்டியவைதான். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீக்கு இரையான பிறகு அவற்றில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. ஆனால் பள்ளி நடத்த அனுமதி உண்டு என்பதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை. காலாவதி ஆகவில்லையா, சான்றில் எழுதிய மாடிகளும் நிற்கிற மாடிகளும் ஒன்றுதானா என்று சரிபார்த்துவிட்டு நகரலாம்.

டி.சி. புத்தகத்தில் பார்க்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பு. மூன்று ஆண்டுக்கு முன்பு எட்டாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் இதே பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 62 பேர் 51 ஆகியிருந்தால் அந்தப் பதினோரு பேரையும் பெயர் பெயராகத் தேட வேண்டும். அப்பாவுக்கு வெளியூர் மாற்றம், வீடு மாற்றம் என்று போனவர்கள் ஆண்டு முழுவதும் பரவியிருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் வரிசை எண் தொடர்ச்சியாக, "பெற்றோர் விருப்பம்" என்ற ஒரே காரணத்தோடு டி.சி. கிழிக்கப்பட்டிருந்தால், அந்தப் பிள்ளைகளின் ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணை எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் கணிதமோ ஆங்கிலமோ 35-ஐத் தொடாமல் இருந்தால் விஷயம் தெளிவு. வாசலில் தொங்கும் நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகைக்கு அந்தப் பதினோரு வீடுகள் விலை கொடுத்திருக்கின்றன. அதன் பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பது பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் தெரியும். வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளாமல், பள்ளியை விட்டவர்களுக்கான பொதுப் பட்டியலான காமன் பூலிலேயே ஒரு பெயர் கிடந்தால், அந்தப் பெண்ணின் படிப்பு நின்றுவிட்டதோ என்று உடனே விசாரிக்க வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையிலும் இதே சோதனை உண்டு. சொந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, பத்தில் 500-க்கு 300 தாண்டாத பிள்ளைக்கு இங்கேயே இடம் கிடைத்ததா? எந்த குரூப் கிடைத்தது, அதை அவளிடம் கேட்டுக் கொடுத்தார்களா? நன்றாகப் படிக்கும் பிள்ளையை வெளியிலிருந்து கொண்டுவந்து, ஐந்து வருடம் கட்டணம் கட்டிய பிள்ளையை வெளியே அனுப்பும் பள்ளி, ரிசல்ட் எவ்வளவு உயர்ந்தாலும் தரமான பள்ளி ஆகாது. மதிப்பீட்டில் இதற்கு ஈடாக வேறெதையும் வைக்க முடியாது.

குமரி மாவட்டத்தில் இதைச் சற்றுக் கடுமையாகவே கேட்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம். நாகர்கோவிலில் லண்டன் மிஷன்காரர்கள் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பாட்டியும் படித்த வீடுகள் இங்கே நிறைய. பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வைப்பதே சாதனை என்ற வாதம் இந்த மாவட்டத்தில் எடுபடாது.

அடுத்தது நோட்டு. "நல்ல நோட்டு நாலு கொண்டு வா மக்களே" என்று டீச்சர் சொல்ல விடக் கூடாது. வருகைப் பதிவேட்டில் 7, 14, 21, 28, 35 ஆகிய எண்களுக்குரிய பிள்ளைகளிடம் நேரே கேட்டு வாங்க வேண்டும். கணக்கு நோட்டில் ஒரு தவறும் இல்லாமல் பக்கம் பக்கமாகச் சிவப்பு டிக் இருந்தால், கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டு அது. பிள்ளை தானாகப் போட்டுத் தவறி, தவறிய படி வட்டமிடப்பட்டு, கீழே திரும்பவும் போட்ட கணக்கு மாதத்துக்கு இரண்டேனும் கண்ணில் பட வேண்டும். தமிழ் நோட்டில் களியக்காவிளை, பளுகல் பக்கத்துப் பிள்ளைகளின் கட்டுரையைத் தனியாகப் பார்ப்பது நல்லது. வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைக்கு வாக்கிய அமைப்பில் வருகிற தடுமாற்றத்தை டீச்சர் கவனித்துத் திருத்தியிருக்கிறாரா, மதிப்பெண்ணை மட்டும் குறைத்திருக்கிறாரா என்பது அங்கே தெரியும்.

வேதியியல் ஆய்வகத்தில் பளபளக்கும் மேசையை விட ஸ்டாக் பதிவேடு அதிகம் பேசும். பன்னிரண்டாம் வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு மூன்று முறை, முறைக்குச் சுமார் 20 மி.லி. என்று டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை) செய்தால் 2.4 லிட்டர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் வேண்டும். கரைசலை ஊற்றி அளக்கும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கழுவுவதையும் சேர்த்தால் மூன்று லிட்டர். இந்தச் சோதனைக்கான டெசி நார்மல் (0.1 N) செறிவுள்ள கரைசலுக்கு லிட்டருக்கு 3.16 கிராம். ஆக, ஒரு சோதனைக்கு ஒன்பது, பத்து கிராம் செலவாகியிருக்க வேண்டும். பதிவேட்டில் ஆண்டு முழுவதற்கும் ஐந்து கிராம் என்றிருந்தால் டீச்சர் செய்து காட்டினார், பிள்ளைகள் பார்த்தார்கள். ரெக்கார்டு நோட்டும் இதையே சொல்லும். உண்மையாகச் செய்த நாற்பது பேரின் அளவீடு 0.1, 0.2 மி.லி. அங்குமிங்கும் விலகும். எல்லா நோட்டிலும் ஒரே எண் இருந்தால் அது ஒருவருடைய பியூரெட்.

கழிப்பறையைக் காலையில் பார்த்துப் பயனில்லை. குழு வருகிறது என்று கழுவியிருப்பார்கள். மதியம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு இடைவேளை முடிந்தபின் போக வேண்டும். அதற்கு முன்பே, மூன்றாவது பீரியடில் வகுப்புக்குள் நுழைந்து தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பெரும்பாலான பாட்டில்கள் நிறைந்தே இருந்தால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். குடித்தால் அங்கே போக வேண்டிவரும். தலைவலியும் நீர்க்கடுப்புமாக நர்ஸ் அறைப் பதிவேட்டில் வரும் பெயர்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

40 பேருக்கு ஒரு கழிப்பறை, மூன்று சிறுநீர்க் கழிப்பிடம் என்பது வழிகாட்டு அளவு. 400 பிள்ளைகளுக்குப் பத்தும் முப்பதும் இருந்தால் காகிதத்தில் குறையில்லை. பத்து நிமிட இடைவேளையில் எல்லோரும் வந்தால் ஒருவருக்கு ஒரு நிமிடம். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி ஏறும் நேரம் போனால் அதுவும் மிஞ்சாது. நாப்கின் மாற்ற வேண்டிய பிள்ளைக்குக் கதவுள்ள அறை வேண்டும், மூன்று நான்கு நிமிடமும் வேண்டும். ஆகவே எண்ணிக்கையோடு நிறுத்தாமல் இடைவேளை நேரத்தைக் கேட்க வேண்டும். ஆறு முதல் எட்டு வரை ஒரு நேரம், ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை இன்னொரு நேரம் என்று பிரித்துவிட்ட பள்ளியில் ஒரு செங்கல்கூட வைக்காமல் நெரிசல் பாதியாகும். பாட நேரத்தில் காரணம் கேட்காமல் அனுப்புகிறார்களா என்பதையும் பிள்ளைகளிடமே கேட்க வேண்டும்.

உள்ளே பார்க்க வேண்டியவை சிறியவை: உள்தாழ்ப்பாள், ஷாலும் பையும் மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டி, குழாயில் தண்ணீர், கையெட்டும் தூரத்தில் சோப்பு. நாப்கின் எரிக்கும் மெஷின் இருக்கிறது என்று கோப்பில் எழுதியிருந்தால் சாம்பல் தட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் அளவுக்கு மேல் திணிப்பதாலும் சாம்பலை அள்ளாததாலும் ஹீட்டர் காயில் கெட்டுப்போகும். புகைக்குழாய் குட்டையாக இருந்தால் நாற்றம் வகுப்புக்குள் வரும், அதனாலேயே சுவிட்சை அணைத்துவிடுவார்கள். பிறகு எல்லாம் கழிவறைக் கோப்பைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இந்த விவரமெல்லாம் துப்புரவு செய்யும் அக்காவிடம்தான் இருக்கும். ஒரு நாளில் எத்தனை தடவை கழுவுகிறார், கையுறை கொடுக்கிறார்களா, அவர் லீவு போட்டால் யார் என்ற மூன்று கேள்விகளை எச்.எம். பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும்.

இந்த மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலும் அக்டோபர், நவம்பரிலும் வருகைப் பதிவேட்டைத் தனியே பிரித்துப் பார்த்தால், குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் வரும் பிள்ளைகள் தொடர்ந்து விடுபடுகிறார்களா என்று தெரியும். மழை அடிக்கும்போது தகர ஷீட் போட்ட வகுப்பில் டீச்சர் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. ஸ்பெஷல் கிளாஸ் ஆறரை வரை நடக்கிறதென்றால் அந்த நேரத்துக்கு பஸ் உண்டா, எந்த ரூட்டுக்கு இல்லை, கடைசி ஸ்டாப்பில் இறங்கும் பிள்ளை வரைக்கும் பெண் உதவியாளர் வண்டியில் இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். விளையாட்டு பீரியடைக் கால அட்டவணையில் பார்க்க வேண்டாம், அந்த நேரத்தில் மைதானத்தில் போய்ப் பார்த்தால் போதும்.

டீச்சர்கள் எத்தனை வருடம் நிலைக்கிறார்கள் என்பது பி.எட். சான்றிதழ்களை விட முக்கியம். ஒரே ஆண்டில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இரண்டு தடவை மாறியிருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் சம்பளத்தில் இருக்கும். சம்பளப் பதிவேடு, வங்கிப் பட்டியல், பி.எஃப். கணக்கு மூன்றும் ஒரே தொகையைக் காட்ட வேண்டும்.

புகார்ப் பெட்டி எல்லாப் பள்ளியிலும் தொங்குகிறது. சாவி யாரிடம், எந்த நாளில் திறக்கிறார்கள், திறந்தபோது யார் யார் இருந்தார்கள் என்ற பதிவு இல்லையென்றால் அது சுவரில் தொங்கும் தகரம். எச்.எம். அறை வாசலில் மாட்டிய பெட்டியில் எந்தப் பிள்ளையும் சீட்டுப் போட மாட்டாள். மாடிப்படி வளைவிலோ கழிப்பறைக்குப் போகும் வழியிலோ இருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். பாலியல் குற்றம் பற்றித் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் பள்ளிக்குள்ளேயே "பேசி முடிப்பது" 2012 போக்சோ சட்டப்படி குற்றம். தன்கீழ் வேலை செய்பவர் செய்ததை மறைக்கும் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இதைக் காவலாளி முதல் தாளாளர் வரை எத்தனை பேர் அறிந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

அறிக்கையில் "நன்று", "திருப்திகரம்" என்ற சொற்களை எழுதுவதில் பயனில்லை. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தப் பதிவேடு, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குப் பார்த்தது என்று இருக்க வேண்டும். குறைகளை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் நிர்வாகம் தட்டிக்கழிக்க முடியாது: தாழ்ப்பாள், கொக்கி, பெட்டியின் இடம் ஆகியவை ஒரு வாரத்தில், இடைவேளைப் பிரிப்பும் பஸ் ரூட்டும் ஒரு பருவத்தில், ஆய்வகம், ஷீட் கூரை, சம்பளம் ஒரு கல்வியாண்டில். அடுத்த முறை போவதை முன்கூட்டிச் சொல்லாமல் நவம்பரில் மழை பெய்கிற வாரமாகப் பார்த்துப் போகலாம். ஒன்பதாம் வகுப்பு டி.சி. புத்தகத்துக்கு மட்டும் ஜூன் முதல் வாரத்தில் தனியாக ஒரு தடவை போக வேண்டும்.