பாட்டியின் பெட்டி

பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், இயேசு, புனிதர்களின் திருவுருவங்களைத் தடை செய்த கடைசிப் பேரரசர் தியோபிலஸ். அவருடைய மகள்கள் பாட்டி தியோக்டிஸ்டேயைப் பார்க்க காஸ்திரியா மடத்துக்குப் போவார்கள். பாட்டி பெட்டியைத் திறந்து உருவங்களை எடுத்து, பேத்திகளின் தலையிலும் முகத்திலும் ஒற்றுவார். பக்தி இப்படித் தொடுகையாகவே கைமாறியது. அந்த அறைக்குள் சட்டம் எப்படி நுழையும்? ஆனால் சின்னவள் புல்கேரியா, பாட்டியிடம் நிறைய பொம்மைகள் இருக்கின்றன என்று அப்பாவிடம் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அதோடு பேத்திகள் அங்கே போவது நின்றது. (இன்னொரு வரலாற்றேட்டில் பாட்டியின் இடத்தில் இருப்பவர் தியோபிலசின் சிற்றன்னை யூஃப்ரோசினே.)

842 ஜனவரியில் தியோபிலஸ் இறந்தார். மகன் மூன்றாம் மிக்கேல் சிறு குழந்தை. ஆட்சி தாய் தியோடோராவிடம் வந்தது. 843 மார்ச்சில் உருவங்கள் வழிபாட்டுக்குத் திரும்பின. இறந்த கணவரைத் திருச்சபை சபிக்கக் கூடாது என்பதே அதற்குத் தியோடோரா விதித்த நிபந்தனை.