நாலு நாள் நிறுத்திய மாத்திரை

2023 ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரி மலை ஏறினோம். வருடா வருடம் போகிற மலைதான். பாதிப் படியில் மார்பின் நடுவே ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல ஓர் இறுக்கம் வந்து இடது தோள் வரை ஏறியது. ஓரமாக உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. வாயு என்று முடிவு கட்டி, வீட்டுக்கு வந்து மோரில் பெருங்காயத்தைக் கரைத்துக் குடித்தேன்.

குடியாத்தம் பக்கத்தில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் அரிசி மூட்டையை நகர்த்தும்போது அதே இறுக்கம், உட்கார்ந்ததும் அதே மாதிரி போனது. நெஞ்சுவலி என்றால் ஊசி குத்துவது போல இருக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உழைத்தால் வருகிறது, ஓய்ந்தால் போகிறது, அதுதான் ஆஞ்சைனா என்கிற இதய வலியின் குணம் என்று வேலூரில் பார்த்த டாக்டர் சொன்னார். அன்று என் பிபி 170/104. ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. ட்ரெட்மில்லில் ஆறாவது நிமிடம் தெரிந்துவிட்டது. ஆஞ்சியோவில் இதயத்துக்குப் போகிற ஒரு ரத்தக் குழாயில் பாதி அடைப்பு. ஸ்டென்ட் இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையிலேயே பார்க்கலாம் என்றார்கள். எனக்குச் சர்க்கரையும் உண்டு, ஆறு வருடமாக.

அப்படி வந்து சேர்ந்ததுதான் மெட்டோப்ரோலால் 50 மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகை, காலையில் ஒன்று. இது பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்தது. கூடவே ஆஸ்பிரின், கொழுப்புக்கு ஒன்று, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க சார்பிட்ரேட்.

பி.ஃபார்ம் படிக்கிற என் மகள்தான் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினாள். நமக்குப் பயமோ கோபமோ ஓட்டமோ வரும்போது அட்ரினலின் போய் இதயத்தை விரட்டுகிறது. இதயம் வேகமாக அடிக்க அடிக்க அதற்கு ரத்தம் அதிகம் வேண்டும். குழாய் குறுகியிருந்தால் கேட்கிற அளவு கிடைக்காது, அந்தப் பற்றாக்குறைதான் வலி. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இதயத்துக்கு ரத்தத்தைக் கூட்டுவதற்குப் பதில் அதன் தேவையைக் குறைத்தால் என்ன என்று 1960களில் யோசித்துச் செய்த மருந்தில் இருந்துதான் இந்த வகை வந்திருக்கிறது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பத்துப் பேருக்குச் சமைக்கிற அடுப்பில் ஐம்பது பேர் சாப்பிட வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் நான். எனக்கு அது உடனே புரிந்தது.

முதல் இரண்டு வாரம் நன்றாக இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். கை கால் எல்லாம் மணல் மூட்டை கட்டியது போலக் கனம். புரட்டாசி வெயிலிலும் பாதம் சில்லென்று இருக்கும். ராத்திரியில் விதவிதமான கனவு, செத்துப்போன ஆயா வந்து கூப்பிடுகிற மாதிரி எல்லாம். டாக்டரிடம் போனில் கேட்டபோது, இதெல்லாம் இந்த மாத்திரையில் வருவதுதான், பல பேருக்கு சில வாரத்தில் குறைந்துவிடும், மயக்கமோ மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ வந்தால் மட்டும் உடனே வாருங்கள் என்றார். எனக்குக் கனவு ஒரு மாதத்தில் நின்றது. பாதத்தின் குளிர்ச்சி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. படி ஏறும்போது வலி வரவே இல்லை.

வலி வராததால்தான் தப்பு செய்தேன்.

தை மாதம் ஆரணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். மாத்திரை அட்டையில் இரண்டுதான் மிச்சம். வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பி, கல்யாண வேலையில் மறந்துபோனேன். இரண்டு நாள் போனது. உடம்பு லேசாக, சுறுசுறுப்பாக இருந்தது. ‘நமக்கு இது தேவையே இல்லை போலிருக்கிறது’ என்று தோன்றிவிட்டது. மூன்றாம் நாளும் வேண்டுமென்றே போடவில்லை. நாலாம் நாள் விடியற்காலையில், தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூட இல்லை, சும்மா நின்றுகொண்டிருக்கும்போதே இதயம் படபடவென்று அடித்தது. அப்புறம் அந்த இறுக்கம், முன்பு வந்ததைவிடப் பலமாக, தாடை வரை. சார்பிட்ரேட்டை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் குறையவில்லை. மகள் 108க்குப் போன் செய்தாள்.

மாரடைப்பு வரை போகவில்லை. இரண்டு நாள் ஐசியூவில் இருந்தேன். டாக்டர் திட்டவில்லை. கட்டில் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சொன்னார்:

“கிருத்திகை அன்னைக்கு மலையில கயிறு கட்டி வரிசையா ஆள விடறாங்க இல்லம்மா? அந்தக் கயித்த ஒரேயடியா அவுத்துட்டா என்ன ஆவும்? நீங்க மாத்திரைய நிறுத்தினது அப்படித்தான்.”

மாத்திரை அட்ரினலின் போகிற வாசல்களை அடைத்து வைத்திருக்கிறது. அடைத்துக் கிடக்கிறதே என்று உடம்பு புதிதாகச் சில வாசல்களைத் திறந்து வைக்கிறதாம். திடீரென்று மாத்திரை நின்றதும் பழைய வாசல், புதிய வாசல் எல்லாவற்றிலும் அட்ரினலின் ஒன்றாக நுழைகிறது. அதனால்தான் மாத்திரைக்கு முன்னால் இருந்ததைவிட மோசமாக வலி வருகிறது. மாரடைப்பே வந்தவர்களும் உண்டு என்றார். நிறுத்த வேண்டிய அவசியம் வந்தால் டாக்டர்தான் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து நிறுத்துவார். நாமாக ஒருநாளும் செய்யக் கூடாது. ஊருக்குப் போகிறவர்கள், விரதம் இருக்கிறவர்கள், ‘உடம்பு நல்லாயிடுச்சு’ என்று நினைக்கிறவர்கள், உங்களை எல்லாம் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஒன்றைச் செய்துவிடாதீர்கள். உடம்பு நன்றாக இருந்தது அந்த மாத்திரையால்தான்.

இப்போது அட்டையில் பத்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுகிறேன். கைப்பையில் ஒரு அட்டை தனியாக இருக்கும். காலை எட்டு மணிக்கு, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்ட கையோடு போடுகிறேன். மறந்து மதியம் நினைவு வந்தால் அப்போதே போட்டுவிடலாம். மறுநாள் வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. என்னுடையது மெதுவாகக் கரையும் வகை என்பதால் மெல்லவோ பொடிக்கவோ கூடாது. ஒரு தடவை மெடிக்கலில் வேறு கம்பெனி அட்டை கொடுத்தார்கள், பெயரும் 50 என்ற எண்ணும் அப்படியே. மகள்தான் பார்த்து, “எம்மா, இதுல எக்ஸ்.எல். போடல, இது சாதா மாத்திரை” என்று திருப்பி அனுப்பினாள். சாதா மாத்திரையின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், ஒருநாள் முழுக்கத் தாங்காது. அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இப்போது நான் கடையை விட்டு இறங்குவதில்லை.

இன்னொன்று. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் ஆரம்பித்ததில் இருந்து எங்கள் தெருவுக்கும் ஒரு தங்கை வருகிறாள். வீட்டுக்காரருக்கு பிபி மாத்திரை அவள்தான் கொண்டுவந்து தருவாள். அவருடையது அட்டெனலால். இருவர் மாத்திரையும் ஒரே டிராயரில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, “அக்கா, ரெண்டும் ஒரே வகைதான், மாத்திப் போட்டாலோ சேத்துப் போட்டாலோ நாடி ரொம்ப இறங்கிடும், தனித்தனி டப்பாவுல வைங்க” என்றாள். நான் அதுவரை இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே நினைக்கவில்லை. பெயர் ‘லால்’ என்று முடிந்தால் பெரும்பாலும் இந்த வகைதான். கண்ணில் நீர் அழுத்தத்துக்கு விடுகிற டிமோலால் சொட்டு மருந்துகூட இதே குடும்பம். கண் டாக்டரிடமும் பல் டாக்டரிடமும் இந்த மாத்திரையைச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அதிகப் பயம் கொடுத்தது சர்க்கரை விஷயம். முன்பெல்லாம் லோ சுகர் வந்தால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், உடனே தெரிந்துவிடும். போன சித்திரையில் ஒருநாள் பள்ளியில் குழந்தைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். நடுக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை. வியர்வை மட்டும் ஆறாக ஓடியது. வேலூர் வெயில்தானே என்று விட்டிருப்பேன். சமையல் உதவியாளர் என் முகத்தைப் பார்த்து இரண்டு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தபோதே 62. இந்த மாத்திரை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் காரணமில்லாமல் வியர்த்தால் முதலில் சர்க்கரையைச் சோதியுங்கள்.

அண்ணிக்கும் பிபி. ஒருநாள் வந்து, “உன்னுதுதான் நல்லா கேக்குதே, பத்து மாத்திர குடு கண்ணு, தீந்ததும் வாங்கித் தரேன்” என்றார். அண்ணிக்கு இளைப்பு, அதாவது ஆஸ்துமா உண்டு, மார்கழியில் பம்ப் இல்லாமல் தூங்க மாட்டார். இளைப்பு இருக்கிறவர்களுக்கு இந்த வகை மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும். கொடுக்க மாட்டேன் என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நானே ஆட்டோ வைத்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவருக்கு வேறு வகை எழுதிக் கொடுத்தார்கள்.

தினமும் காலையில் மாத்திரைக்கு முன்னால் உட்கார்ந்து நாடி பார்க்கிறேன். கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுசாக எண்ணி, பழைய காலண்டர் தாளின் பின்னால் எழுதுவேன். 50க்குக் கீழே போனாலோ தலை சுற்றினாலோ போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிலில் இருந்து எழும்போது ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துதான் எழுகிறேன். அக்னி நட்சத்திரத்தில் அவசரமாக எழுந்து ஒருமுறை சுவரைப் பிடித்தேன். மூட்டுவலிக்குக் கடையில் நாமாக வாங்கும் வலி மாத்திரையும், சளிக்கு வாங்கும் மூக்கடைப்பு மாத்திரையும் பிபியை ஏற்றும் என்பதால் இரண்டையும் விட்டுவிட்டேன்.

போன மாதம் நாடி 52, 51 என்று வர ஆரம்பித்தது. தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாத்திரையை 50இல் இருந்து 25 ஆகக் குறைத்து, இரண்டு வாரம் கனமான வேலை வேண்டாம், வலி எட்டிப் பார்த்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். இன்றோடு பதினோரு நாள். வலி இல்லை. இன்று காலை நாடி 60, பிபி 128/78. வெள்ளிக்கிழமை ரிவ்யூ.